சஹர் நேரத்து மாத்திரை

மலையாள எல்லையோரத்து முதலமடையில் மாங்காய்த் தோப்புக்காரர்களுக்கு வேண்டிய கயிறு, தார்ப்பாய், பிளாஸ்டிக் கூடை, சாக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் கடை சிக்கந்தர் ராவுத்தருடையது. வாரத்தில் ஆறு நாள் காலை ஏழு மணிக்குத் திறந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் ஷட்டரை இழுப்பார். வெள்ளிக்கிழமை மட்டும் பன்னிரண்டு மணிக்கே இழுத்துவிடுவார். ஜும்மா தொழுகைக்காக எல்லா முஸ்லிம் கடைக்காரர்களும் அடைப்பதுதான். ஆனால் மற்றவர்கள் இரண்டு மணிக்கெல்லாம் திறந்து உட்கார்ந்திருக்க, சிக்கந்தர் நாலரைக்குத்தான் வருவார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் கடையில் ஒரு முழம் கயிறு வாங்க முடியாது என்பது லாரிக்காரர்கள் வரைக்கும் தெரியும்.

யாராவது கேட்டால், "நெய்ச்சோறு தின்னா தூக்கம் வந்துருதுங்க" என்பார். தூக்கம் வந்ததோ இல்லையோ, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்றரை மணிவாக்கில் அவர் வீட்டு மோட்டார் ஓடும். காலையில் ஜும்மாவுக்காகக் குளித்த மனிதர், சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் இன்னொரு தடவை தலைக்குக் குளிப்பார். அவர் மனைவி கௌலத்தும் குளிப்பாள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால் குளிக்காமல் தொழக் கூடாது. மார்க்கத்தில் அது கடமை. அக்கம்பக்கத்தில் எல்லாம் ராவுத்தர் வீடுகள்தான், அவர்களுக்கும் இது தெரியாததல்ல. ஆனால் இருபத்தாறு வருஷமாக ஓடுகிற மோட்டாரைப் பற்றி யார் என்ன பேசப் போகிறார்கள்?

போன ஓணத்துக்குப் பிறகு அந்த மோட்டார் நின்றுபோனது.

பல் பிடுங்கப் போன இடத்தில் வந்த வினை. கொல்லங்கோட்டுப் பல் டாக்டர் ஊசி போடுவதற்கு முன்னால் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார். நூற்று எழுபத்திரண்டு, நூற்று நான்கு. "பல்லு அங்கயே இருக்கட்டும், முதல்ல இதைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். கௌலத் அன்றைக்கே அவரை டாக்டர் ஜின்சனிடம் இழுத்துக்கொண்டு ஓடினாள். அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. சிக்கந்தரின் அத்தா இதே ரத்த அழுத்தத்தில்தான் விழுந்தார். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று தானாகவே நிறுத்தினவர், ஒரு நாள் காலையில் வலது கையும் காலும் விளங்காமல் கட்டிலில் கிடந்தார். நான்கு வருஷம் கிடந்தார். அந்த நான்கு வருஷமும் மாமனாரைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, வாயில் கஞ்சி ஊட்டியது கௌலத்தான்.

அதனால் ஜின்சன் எழுதிக் கொடுத்த வெள்ளை மாத்திரையை அவள் சும்மா விடவில்லை. தினமும் காலைப் பலகாரத்துக்குப் பிறகு கையில் வைத்து, அவர் விழுங்குகிற வரைக்கும் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இரண்டு மாதத்தில் அழுத்தம் நூற்று முப்பதுக்கு இறங்கியது. ஜின்சன் சிரித்தார். கௌலத் நன்றி சொல்லி இரண்டு ரக்அத் ஷுக்ரு தொழுதாள்.

சிக்கந்தருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மாத்திரை தொடங்கிய மூன்றாவது வெள்ளிக்கிழமை, மனம் இருந்தது, உடம்பு வரவில்லை. அசதி என்று நினைத்தார். அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்த வெள்ளி தலைவலி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். ஐம்பத்தொன்று ஒரு வயதா? அவருடைய பெரியத்தாவுக்கு அறுபதில் பிள்ளை பிறந்திருக்கிறது. மாத்திரை மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அது கையில் பட்டை கட்டுகிற இடத்துக்கான மருந்து, இது வேறு இடத்துச் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டார். வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்ளப் பார்த்தார், தேறவில்லை.

அப்புறம் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் படுப்பதையே விட்டுவிட்டார். சாப்பிட்ட கை ஈரம் காயுமுன்னே சாவியை எடுத்துக்கொண்டு, "சீசனுக்குச் சரக்கு எடுக்கணும்" என்று கிளம்பிவிடுவார். கடையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கௌலத் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே அவருக்குப் பெரிய நிம்மதியாகவும் இருந்தது, பெரிய வேதனையாகவும் இருந்தது.

டாக்டரிடம் சொல்லலாம்தான். ஆனால் டாக்டரின் அறைக்குள் சிக்கந்தருக்கு வாய் கிடையாது. ஜின்சன் கோட்டயத்துப் பக்கத்துப் பையன், துபாயில் இருக்கிற இவர் மகன் ஷஹீரை விட நான்கைந்து வயதுதான் மூப்பு. "வேற ஏதாவது பிரச்சனை உண்டா இக்கா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் கௌலத் முந்திக்கொள்வாள்.

"ஒண்ணுமில்லைங்க டாக்டர். நல்லாத் திங்கறாரு, நல்லாத் தூங்கறாரு."

சிக்கந்தர் சுவரில் இருக்கும் நாள்காட்டியைப் பார்ப்பார். அதில் ஏழு மாதம் போனது.

ரமலான் வந்தபோது மாங்காய்ச் சீசன் உச்சத்தில் இருந்தது. முதல் நோன்பன்றே கௌலத்தின் அம்மாவுக்குப் பொள்ளாச்சியில் கண் ஆபரேஷன் என்று வைத்துவிட்டார்கள். கௌலத் பதினொரு நாள் அங்கே போய் இருந்தாள். போவதற்கு முன் மாத்திரை டப்பாவை மேசை நடுவில் வைத்து, "சஹர் சாப்பிட்டதும் போட்டுருங்க" என்று பத்துத் தடவை சொன்னாள். விடியலுக்கு முன் எழுந்து சாப்பிட வேண்டிய அந்த நேரத்தில் சிக்கந்தர் பாதி நாள் எழுந்திருக்கவே இல்லை. இரவெல்லாம் லோடு இறக்கிவிட்டுக் கட்டை போலக் கிடந்தார். எழுந்த நாளிலும் இரண்டு பழத்தை விழுங்குவதற்குள் பாங்கு சொல்லிவிடும். மாத்திரை டப்பா மேசையிலேயே இருந்தது. கௌலத் போனில் கேட்டால், "ஆச்சு, ஆச்சு" என்றார்.

பன்னிரண்டாம் நோன்பன்று அவள் திரும்பி வந்தாள். நோன்பு மாதத்தில் பகலுக்குத்தான் விலக்கு, இரவுக்கு இல்லை. மறுநாள் விடிகாலை சுபுஹு தொழுகைக்கு முன்னால், ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டு மோட்டார் ஓடியது. ஈரத் தலையோடு சஹர் சோற்றைப் பரிமாறிக்கொண்டிருந்த கௌலத்தின் முகத்தை சிக்கந்தர் நிமிர்ந்து பார்த்தார். அவள் வேண்டுமென்றே அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். அப்படியும் கன்னம் சிரிப்பதை மறைக்க முடியவில்லை.

சிக்கந்தர் வியாபாரி. ஒரு சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு லோடு முழுவதையும் வாங்கமாட்டார். ஒரு வாரம் கௌலத் கையால் ஒழுங்காக மாத்திரையைப் போட்டுப் பார்த்தார். பழையபடி ஆகிவிட்டது. அப்புறம் ஒரு வாரம், அவள் பாத்திரம் கழுவப் போகிற சமயம் பார்த்து மாத்திரையைக் கன்னத்தில் அடக்கி வெளியே துப்பிப் பார்த்தார். சரியாகிவிட்டது. கடைசியில் திருடன் யார் என்று தெரிந்துவிட்டது.

திருடனைக் கண்டுபிடித்தவர் போய் டாக்டரிடம் சொல்ல வேண்டியதுதானே? அங்கேதான் மனுஷன் புத்தியைக் கோட்டை விட்டார். டாக்டரிடம் சொன்னால் கௌலத்துக்குத் தெரியும். கௌலத்துக்குத் தெரிந்தால், "அது போனாப் போகுது, உசுருதான் வேணும்" என்று சொல்லிவிடுவாள். நான்கு வருஷம் பீத்துணி அலசியவள் வேறென்ன சொல்வாள்? மாத்திரையை அவள் கண்ணில் படாமல் நிறுத்த வேண்டும். அதற்கு ரமலானே அவருக்கு வழி காட்டியது.

பெருநாள் முடிந்த கையோடு, "ஆறு நோன்பு வெக்கப் போறேன்" என்றார். ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில் அது சுன்னத்து, கட்டாயமில்லாத நபிவழி; கௌலத்துக்கும் சந்தோஷம். ஆறும் முடிந்ததும், "இனி திங்களும் வியாழனும் வெக்கலாம்னு இருக்கேன்" என்றார். அவள் அப்படியே நின்றுவிட்டாள். ரமலான் நோன்பிலேயே மத்தியானம் வெயில் ஏறினால் சள்ளென்று விழுகிற மனிதர் இவர்.

"சஹருக்கு நீ எந்திரிக்க வேண்டாம். நானே பழையத வெச்சுச் சாப்பிட்டுக்கறேன். மாத்திரையும் அப்பவே போட்டுக்கறேன்."

"சரிங்க. மத்த நாளு நான் பலகாரத்தோட தர்றேன்."

"அதெப்படி? ஒரே நேரத்துல போடணும்னு டாக்டரு சொல்லலையா? நோன்பு இருந்தாலும் இல்லாட்டியும் தினம் சுபுஹுக்கு முன்னாடி போட்டுக்கறேன். டப்பா எங்கிட்டயே இருக்கட்டும்."

டாக்டர் சொன்னது உண்மைதான். கௌலத்தால் மறுக்க முடியவில்லை. அப்படி மாத்திரை டப்பா அவர் கைக்கு வந்தது. தினமும் விடியுமுன் எழுந்து ஒரு மாத்திரையைப் பிய்த்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். வெள்ளிக்கிழமை மோட்டார் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

ஆனால் மாத்திரை சஹர் நேரத்தில் இருக்க வேண்டும் என்றால் நோன்பும் இருக்க வேண்டும். நோன்பை விட்டால் டப்பா அவள் கைக்குத் திரும்பிப் போய்விடும். இதை அவர் யோசிக்கவில்லை. சித்திரை வெயிலில் முதலமடை எப்படிக் காயும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். தகர ஷெட்டுக்குக் கீழே, நைலான் கயிற்று வாசனையில், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தார். கூடை வாங்க வந்தவர்கள் அவர் கண் முன்னால் நின்று மோர் குடித்தார்கள். பள்ளிவாசலில் அவரைக் கண்டால் ஆட்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். ஒரு ஜும்மாவில் பள்ளிவாசல் ஹஜ்ரத் மிம்பர் மேடையில் நின்று, "நம்ம மஹல்லாவுல ஒரு வியாபாரி இருக்காரு, பேரு சொல்ல வேண்டாம், இந்த வெயில்ல திங்களும் வியாழனும் விடறதில்லை" என்றபோது எல்லாத் தலையும் இரண்டாம் வரிசைக்குத் திரும்பியது. சிக்கந்தர் தரையில் விரித்திருந்த பாயின் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. படைத்தவனுக்கு முன்னால் வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு சஹரிலும் இறைவனுக்காக நோன்பு பிடிக்கிறேன் என்று நிய்யத் வைக்கும்போது நாக்கு ஒன்று சொல்ல, மனசு வெள்ளிக்கிழமையில் இருந்தது. இருந்தாலும் வெள்ளிக்கிழமை மத்தியானம் கௌலத் கதவைச் சாத்திவிட்டு வந்து படுக்கும்போது அந்த வெட்கமெல்லாம் எங்கேயோ ஓடிப்போகும். அவளும் மாறித்தான் போயிருந்தாள். அடுப்படியில் தனியாகப் பாடுகிறாள். "எல்லாம் நீங்க வெக்கற நோன்போட பரக்கத்துங்க" என்று ஒரு நாள் அவர் தலைமுடியைக் கோதிக்கொண்டே சொன்னாள். சிக்கந்தர் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

வைகாசியில் ஜின்சனிடம் போக வேண்டிய தேதி வந்தது. பட்டையைக் கட்டிக் காற்றடித்தார்கள். ஜின்சன் ஒரு தடவை பார்த்தார், அடுத்த கையில் கட்டி இன்னொரு தடவை பார்த்தார். நூற்று எழுபத்தெட்டு, நூற்றுப் பத்து.

"இக்கா, மருந்து முடக்கினீங்களா?"

"ஒரு நாளு கூட விடலைங்க டாக்டர்" என்றாள் கௌலத். "சுபுஹுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போட்டுக்கறாரு."

ஜின்சன் சிக்கந்தரைப் பார்த்தார். சிக்கந்தர் நாள்காட்டியைப் பார்த்தார்.

"அப்போ இந்த மருந்து மட்டும் போதாது. இன்னொண்ணு கூட்டி எழுதறேன். ரத்தம் டெஸ்ட் செய்யணும், ஈசிஜி எடுக்கணும். டென்ஷன் உண்டா? உடம்புக்கு வழக்கமில்லாத ஸ்ட்ரெயின் ஏதாவது?"

கௌலத் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். முகம் கழுத்து வரைக்கும் சிவந்துபோனது. அவள் பதில் சொல்லாமல் விட்ட முதல் கேள்வி அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு இல்லை, வெறும் சோறும் புளிக்குழம்பும். சாப்பிட்டதும் தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

"ஏன் அங்க படுக்கற?"

"இனி வேண்டாங்க." அவள் அவரைப் பார்க்காமல் பாயை விரித்தாள். "மூணு மாசமா நாமதான் அளவு தெரியாமப் போயிட்டோம். உங்களுக்கு ஏறறது அதனாலதான். டாக்டரு கேட்டாரில்ல, எனக்குத் தலை நிமிர முடியலை. எனக்கு உங்க உசுரு வேணுங்க."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, கௌலத்து."

"உங்களுக்கு என்ன தெரியும்? படுங்க பேசாம."

சிக்கந்தர் கட்டிலில் மல்லாக்கப் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதைக் காப்பாற்ற இத்தனை பட்டினி கிடந்தாரோ, அதையே அவள் சுருட்டி எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். மாத்திரையைப் போட்டால் வெள்ளிக்கிழமை போகும். போடாவிட்டாலும் போய்விட்டது. இனி மாத்திரையையே போட்டுத் தொலைத்து, பெரியவர்கள் மாதிரி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரத்தினசாமி கடைக்கு வந்தார். முப்பது ஏக்கர் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர், குரல் தாழ்த்திப் பேசத் தெரியாதவர். தார்ப்பாய் கேட்க வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து, வேட்டியைத் தூக்கி முழங்கால் வரைக்கும் காட்டினார்.

"பாருங்க பாய், எப்படி இருக்குது?"

"என்ன பார்க்கோணும்? காலு காலாட்டத்தான் இருக்குது."

"அதான் சொல்றேன். போன மாசம் பூசணிக்காயாட்ட வீங்கிக் கெடந்துச்சு. பிரஷர் மாத்திரையால வந்ததுங்க. டாக்டருகிட்டப் போயி, இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் தோப்புக்குப் போகட்டுமா வேண்டாமான்னு கேட்டேன். வேற மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு. வத்திப் போச்சு."

சிக்கந்தர் அளந்துகொண்டிருந்த தார்ப்பாயைக் கீழே வைத்தார். "அப்படி மாத்திக் குடுப்பாங்களா? அதே பிரஷருக்கு?"

"எத்தனையோ தினுசு இருக்குதுங்க பாய். ஒண்ணு ஒத்துக்கலைன்னா இன்னொண்ணு. வாயைத் தொறந்து சொல்லோணும், அவ்வளவுதான்."

ரத்தினசாமி போன பிறகு சிக்கந்தர் யோசித்தார். கால் வீங்கினால் வேட்டியைத் தூக்கிக் காட்டலாம். இதை எப்படிக் காட்டுவது, யாரிடம் காட்டுவது? ஆனால் இத்தனை மாதமும் தான் ஒரே ஒரு மாத்திரையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், உலகத்தில் வேறு மாத்திரையும் இருக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தன் முட்டாள்தனத்தை நினைத்து அவருக்கே ஆத்திரம் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்ததும் சாப்பிட உட்காரவில்லை. அடுப்படி வாசலில் நின்றார்.

"கௌலத்து, ஒண்ணு சொல்லணும். நான் மாத்திரை போடறதில்லை."

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. "எப்ப இருந்து?"

"நோன்புல இருந்து."

"சஹர்ல போடறதெல்லாம்?"

"கக்கூஸ்ல போட்டுட்டேன்."

கௌலத் அடுப்பை அணைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குரல் உயரவே இல்லை. "மாமா கெடந்த கட்டிலு மேல மச்சுலதான் கெடக்குது. எறக்கிக் கழுவி வெக்கட்டுங்களா?"

சிக்கந்தர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நோன்பும் பொய்யா? அல்லாவையுமா ஏமாத்துனீங்க?"

"பட்டினி பொய்யில்லை, கௌலத்து. ஒரு சொட்டுத் தண்ணி குடிச்சதில்லை. நிய்யத்துதான் கோணல். அதுக்கு அவன்கிட்ட அழுதுட்டுத்தான் இருக்கேன்."

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவளிடம் அதைச் சொல்ல, புது மாப்பிள்ளைக்கு வருகிற வேர்வை வந்தது. "அந்த மாத்திரை போட்டா எனக்கு முடியறதில்லை. நிறுத்தினா முடியுது. ரெண்டு தடவை நிறுத்திப் பாத்துட்டேன்."

கௌலத் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்ப அந்த ஏழு மாசமும் மாத்திரையாலதானா?" என்றாள்.

"ஆமா."

"என்னால இல்லையா?"

"உன்னால எப்படி?"

"கர்ப்பப்பை எடுத்தேனில்ல." அவள் அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னாள். ஆபரேஷன் நடந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சிக்கந்தர் அதை மறந்தே போயிருந்தார். "எடுத்துட்டா உள்ள ஒண்ணுமில்லாமப் போயிரும், ஆம்பளைக்கு வெறுத்துரும்னு ஆஸ்பத்திரில பக்கத்துப் பெட்டுக்காரி சொன்னா. அதுதான்னு நெனச்சேன். நோன்புக்கு முந்தி ஒரு தடவை பொள்ளாச்சிக்குப் போனப்ப அத்தரு வாங்கிப் பூசிக்கிட்டேன். இதென்ன வாடைன்னு கேட்டீங்க. அப்புறம் கேக்க நான் யாரு, நம்ம காலம் முடிஞ்சுது போலன்னு இருந்துட்டேன்."

சிக்கந்தருக்கு அந்த அத்தர் நினைவுக்கு வரவில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது. தன் மானம் தன் மானம் என்று பொத்திக்கொண்டிருந்த ஏழு மாதமும், இவள் இந்த அடுப்படியில் தன்னைத்தானே தள்ளிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவரும் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அழுகை வந்தது, அழுதார். அவள் தடுக்கவில்லை. "நாளைக்கு டாக்டர்கிட்டப் போகணும்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஜின்சன் வழக்கம் போல, "எந்தா இக்கா, எப்படி உண்டு?" என்று கேட்டார். கௌலத் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தாள். அப்புறம் கையை வாயில் வைத்துக்கொண்டு, "அவரே சொல்லுவாரு" என்றாள்.

சிக்கந்தர் நாள்காட்டியைப் பார்க்கவில்லை. டாக்டரையும் பார்க்கவில்லை, மேசை மேல் இருந்த பட்டையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரையைக் கழிப்பறையில் போட்டதிலிருந்து, வெள்ளிக்கிழமை வரைக்கும்.

ஜின்சன் சிரிக்கவில்லை. "இதைச் சொல்ல ஏன் இத்தனை நாளு? இது நிறையப் பேருக்கு உண்டாகிற காரியம். யாரும் வாய் தொறந்து சொல்லமாட்டாங்க. சொல்லாம மருந்தை நிறுத்துவாங்க. அப்புறம் ஸ்ட்ரோக் வந்துட்டு ஸ்ட்ரெச்சர்ல வருவாங்க" என்றார். முன்பு எழுதியதையும் புதிதாகக் கூட்டி எழுதியதையும் அடித்தார். சர்க்கரைக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னார், அதனாலும் இப்படி வருமாம். போன தடவை எடுத்த ஈசிஜி நன்றாகவே இருந்தது. "வேற வகை மருந்து எழுதறேன். பெரும்பாலும் இது அந்தப் பிரச்சனை செய்யாது. செஞ்சாலும் வேற வழி உண்டு. ஆனா தானா நிறுத்தக் கூடாது, கடையில போய் வேற ஒண்ணும் வாங்கித் திங்கவும் கூடாது. ஒரு மாசம் டைம் குடுக்கணும். இனி முடியுமோ முடியாதோன்னு நெனச்சுப் பயந்தா, அந்தப் பயமே முடியாம ஆக்கிரும்." கடைசி வாக்கியத்தை கௌலத்தைப் பார்த்தும் சொன்னார். அவள் பரீட்சைக்குப் படிக்கிறவள் போலத் தலையாட்டிக்கொண்டாள்.

மாத்திரை டப்பா மறுபடியும் அவள் கைக்குப் போனது. காலைப் பலகாரத்துக்குப் பிறகு கையில் வைத்தாள், தொண்டையைப் பார்த்தாள், வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். சிக்கந்தர் காட்டினார். திங்கள், வியாழன் நோன்பை நிறுத்திவிட்டு, ஹஜ்ரத் கேட்டபோது, "உடம்புக்கு முடியலைங்க" என்று உண்மையைச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தார். நெய்ச்சோறு இருந்தது. இரண்டு பேரும் அதிகம் பேசாமல் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, கடைச் சாவியை எடுத்தார்.

கௌலத் படுக்கையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். "எங்க கெளம்பீட்டீங்க?"

"கடைக்கு. ஒரு மாசம் ஆகும்னு டாக்டரு சொன்னாரில்ல. அதுக்குள்ள இங்க கெடந்து என்ன செய்ய?"

அவள் தலையணையை மார்போடு பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அடுப்படியில் தரையைப் பார்த்துப் பேசியவள், இப்போது நேராகக் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"மாத்திரை அதைத்தானுங்க நிறுத்துச்சு. பக்கத்துல வந்து படுக்கறதையுமா நிறுத்துச்சு?"

மாத்திரை மேல், வயசு மேல், சீசன் மேல் போட்ட பழியெல்லாம் அந்த ஒரு கேள்வியில் அவர் மேலேயே வந்து விழுந்தது. ஏழு மாதத்து வெள்ளிக்கிழமைகளும், திறந்துவைத்த வெறுங்கடையும் கண் முன்னால் வந்தன. அங்கே அவரை யாரும் தேடவில்லை. தேடியவள் இங்கே இருந்தாள்.

சாவியை வைத்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். போய்ப் படுத்தார். அவள் அவர் கையை இழுத்துத் தன் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வெயில் ஜன்னல் கம்பி வழியாகக் கட்டில் கால் வரைக்கும் வந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கௌலத் தூங்கிப் போனாள், சின்னக் குறட்டையோடு. கை மரத்துப் போன பிறகும் சிக்கந்தர் அதை எடுக்கவில்லை. அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் அப்படியே கிடந்தார்.